விழுந்தால் ஆர் தூக்குறது?

வாகன இறக்குமதித் தடை 2020 மார்ச்சில் வந்தது. தனியார் வாகனங்களுக்கு அது நீங்க 2025 ஆகிவிட்டது. இடையில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது கதவு திறந்ததும் எங்கட வயதுப் பொடியங்களின் கைபேசியில் ஒரே படம்தான் ஓடுகிறது: உயரமான பெரிய பைக், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னுக்கு நாலு லைற், பின்னுக்கு ஒரு மலை. இதுதான் அட்வெஞ்சர் என்று விற்கிறார்கள். இதை நம்பி லீசிங் கடைக்குப் போகிறவர்களோடுதான் கதைக்க வேண்டியிருக்கிறது. மணலிலும் கல்லிலும் நாள்கணக்காய் ஓட ஆசைப்படுகிற ஒருவருக்கு, அந்தப் படத்தில் நிற்பது பெரும்பாலும் பிழையான பைக்.

முதலில் பாரம். அந்தப் படங்களின் தாய்ப்படம் பிஎம்டபிள்யூ ஆர்1250ஜிஎஸ். பெற்றோல் நிரப்பினால் 249 கிலோ. பெட்டி, கூடாரம், உடுப்பு எல்லாம் ஏற்றினால் முந்நூறுக்குக் கிட்ட. காட்டுப்பாதையில் விழுவது விபத்து இல்லை, அது அன்றாட வேலை. நல்லா ஓடுறவனும் விழுவான். ஓகியாவில் இருந்து கலுபஹனவுக்கு இறங்கும் 'டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ்' போன்ற பாதையில், மழை பெய்த மண்ணில், ஒரு நாளில் நாலு தரம் விழுந்தால் நாலு தரமும் அதை ஆர் தூக்குறது? யூரியூப்காரருக்குப் பின்னால் ஒரு ஜீப்பும் மூன்று பேரும் வருகிறார்கள். அவர்களை கமெரா காட்டாது.

இங்கே பெரிய பைக் எல்லாம் ஆருக்கு வேண்டிக் கட்டும் என்று சிலர் கேட்கலாம். சரி, ஆனால் அதே படத்தின் மலிந்த பிரதிகள்தான் இப்போது எங்கட தெருவுக்கு வருகின்றன. 400 சிசிக்குக் கிட்ட எஞ்சின், 200 கிலோவைத் தொடுகிற பாரம், அதற்கு மேல் ஒரு பெட்டி. ஆசை ஒன்றுதான், மாதத் தவணை மட்டும்தான் வேறு.

'லோங் வே ரவுண்ட்' தொடரை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். 2004 இல் இவன் மெக்கிரகரும் சார்லி பூர்மனும் லண்டனில் இருந்து நியூயோர்க் வரை பிஎம்டபிள்யூக்களில் போனார்கள். பெரிய பைக் மோகத்தை உலகம் முழுக்க விதைத்தது அதுதான். ஆனால் அந்தத் தொடரிலேயே மொங்கோலியாவில் என்ன நடந்தது? குழுவின் ஒரு பிஎம்டபிள்யூ சட்டம் உடைந்து லொறியில் ஏற்றப்பட்டது. ஒளிப்பதிவாளர் அங்கேயே வேண்டிய ஒரு ரஷ்ய மோட்டார் சைக்கிளில் ஏறித் தொடர்ந்தார். அதை ஒருவரும் போஸ்ரர் அடிக்கவில்லை.

மற்றப் பக்கம் பாருங்கள். 2003 இல் லோயிஸ் பிறைஸ் என்ற பெண் அலாஸ்காவில் இருந்து ஆர்ஜென்ரீனாவின் தென்முனை வரை தனியாகப் போனது யமஹா செரோவில், 225 சிசி. 2009 இல் நேதன் மில்வேட் சிட்னியில் இருந்து லண்டனுக்குப் போனது அவுஸ்திரேலியத் தபால்காரர் ஓடுகிற ஹொண்டா சிரி110 இல். இவர்கள் போன தூரத்தில் ஒரு சின்னப் பங்குதான் எங்கட தீவின் நீளம். பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை 430 கிலோமீற்றர் சொச்சம்தான்.

தபால்காரர் என்றதும் எம்.டி. 90 நினைவுக்கு வருகிறது. வன்னியின் செம்மண் ஒழுங்கைகளில் ஓடித்திரிந்த அந்தச் சின்ன ஹொண்டா, யப்பானியத் தபால் சேவைக்கென்று செய்யப்பட்ட வண்டி. வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெற்றோல் இல்லாத காலத்தில் போத்தலில் இருந்து சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் எங்கட சனம். இதை வீரக்கதையாகச் சொல்லவில்லை. வேறு வழி இல்லாமல் செய்தது. ஆனால் எந்த எஞ்சின் அதைத் தாங்கியது, எதை ஒரு ஸ்பானரோடு வேப்பமரத்துக்குக் கீழே கழற்றிப் பூட்ட முடிந்தது என்ற அறிவு எங்களிடம் இருக்கிறது. அதை மறந்துவிட்டு, கொம்பியூட்டர் பூட்டினால்தான் பிழை தெரியும் என்கிற வண்டியை முத்தையன்கட்டுக்குக் கொண்டு போறம்.

'சின்ன பைக்கில் மெயின் ரோட்டில் இழுவை காணாது' என்பார்கள். இரண்டு பேர், முழுச் சாமான், ஏ9 இல் நீண்ட ஓட்டம் என்றால் அந்த நியாயத்தை ஏற்கிறோம். ஆனால் பெரிய எஞ்சினின் உண்மையான சுகம் அதிவேகப் பாதையில்தான், எங்கட நாட்டு அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளை விடவே மாட்டார்கள். பிறகு எதுக்கு? 2022 இல் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்ததையும் மறக்க வேண்டாம்.

அப்ப என்ன வேண்டுறது? பழைய 'ட்ரெயில்' ஒன்று, செரோ, ஹொண்டா எக்ஸ்எல்ஆர் மாதிரி, சட்டம் நேராக, புத்தகம் சுத்தமாக இருந்தால் அது. அல்லது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி ஒன்று: 150 கிலோவைச் சொச்சம் தாண்டும், முன் சில்லு 21 அங்குலம், நிலத்தில் இருந்து 220 மில்லிமீற்றர் உயரம். 21 அங்குலச் சில்லு கல்லில் ஏறும். கம்பிச் சில்லு அடிபட்டால் நெளியும், நிமிர்த்தலாம். அலோய் வெடித்தால் குப்பைதான். சீற்றில் இருந்தால் இரண்டு காலின் முன்பாதமாவது நிலத்தில் முட்ட வேண்டும். ஆறடி ஆண்களுக்குச் செய்த வண்டியை உயரம் குறைந்தவர்களிடம், அதிலும் பெண்களிடம், 'பழகினால் சரி வரும்' என்று தள்ளிவிடுவது வியாபாரம். கையில் இருப்பது ஒரு சிரி100 என்றாலும் பரவாயில்லை. முதல் பயணத்துக்கு அது காணும்.

மிச்சக் காசு எங்கே போக வேண்டும் என்பதில்தான் எங்களுக்கு உண்மையான கோபம். பொடியன் லைற்றுக்கும் ஸ்ரிக்கருக்கும் காசு கொட்டுவான், காலில் செருப்பு. கணுக்காலை மூடிய சப்பாத்து, முழங்கால் கவசம், முழுமுக ஹெல்மெற், இதெல்லாம் பைக்குக்கு முதல் வேண்ட வேண்டியவை. அடுத்தது ரயர். கட்டைப் பூவுள்ள ரயர் ஒரு சோடி, எந்த எஞ்சின் வேலையையும் விடக் கூடுதலாக வண்டியை மாற்றும். பிறகு எஞ்சினுக்குக் கீழே ஒரு தகடு, கைக்காப்பு. ஏற்றத்தில் இழுவை காணாவிட்டால் முன் ஸ்ப்ரொக்கெற்றை ஒரு பல் குறைத்துப் போடுங்கள், சில்லறைக் காசு. சின்ன பைக்கின் மின் உற்பத்தியும் சின்னன். நாலு லைற் பூட்டினால் பற்றறிதான் சாகும்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியப் பெட்டி மணலில் காலை ஊன்றும்போது பின்னால் வந்து கெண்டையில் இடிக்கும். விழுந்தால் கால் அதற்குக் கீழே போகும். துணிப்பை நசியும், கால் தப்பும். பாரத்தைத் தாழ்வாகவும் முன்னுக்கும் கட்டுங்கள், சீற்றுக்குப் பின்னால் கோபுரம் வேண்டாம். உள்ளே ஒரு ரியூப், ஒட்டுற சாமான், கைப்பம்ப், கிளச் கம்பி, செயின் லொக். எல்லாம் கட்டிய பிறகு முற்றத்தில் வண்டியைச் சரித்துவிட்டுத் தனியாகத் தூக்கிப் பாருங்கள். தூக்க ஏலாட்டி சாமானை இறக்குங்கள்.

வடக்கில் ஓடுகிறவர்களுக்கு யூரியூப்காரர் சொல்லாத ஒன்று இருக்கிறது. மணற்காடு பக்கம் மணலில் ரயர்க் காற்றைக் குறைத்து ஓடலாம், சந்தோசம். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, அங்கே சில்லுத் தடம் போடுவது சாகசம் இல்லை. முகமாலை போன்ற இடங்களில் 2009க்குப் பிறகும் வருடக்கணக்காக மிதிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனவே சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்புங்கள். பலகை இல்லை என்றாலும் பாதையை விட்டு இறங்காதீர்கள். உழவு இயந்திரமும் மாடும் போகிற தடத்திலேயே ஓடுங்கள். சந்தேகம் என்றால் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நிப்பாட்டி, 'ஐயா, இதால ஆக்கள் போறவையோ?' என்று கேட்டுவிட்டுப் போங்கள்.