பெயர் சொல்லும் சட்டம் வேண்டும்

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. ஆனால் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இதேபோன்ற மசோதாவை, அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் நிராகரித்துவிட்டார். இருக்கிற சட்டங்களே போதும் என்றார்.

இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டபோதெல்லாம் இங்கும் இதையே சொன்னார்கள். ஆனால் அனுபவம் வேறு. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தும் கொடுமை நிற்கவில்லை. நிலப் பறிப்பு, வாக்களிக்கவிடாமல் தடுத்தல், தின்னத்தகாததைத் தின்னவைத்தல் என ஒவ்வொன்றையும் குற்றமாகப் பெயர் சொல்ல 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தேவைப்பட்டது. பெயர் சொல்லாத குற்றம் காவல் நிலையத்தில் வெறும் தகராறாகிவிடும்.

சட்டம் வந்தால் மட்டும் போதாது. 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்சியர் தலைமையிலான விழிப்புக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது? வடக்கனந்தல் மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய்தான். சியாட்டிலுக்குக் கைதட்டுவதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை.