பாலண்டிரை நகலெடுக்க எத்தனை மாதம் ஆகும்?

"ஆறு பேர், ஆறு மாசம். இதை நாமளே எழுதிடலாம்டா" என்றான் அலுவலக நண்பன். பாலண்டிர் நிறுவனத்தின் விளக்கக் காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பத்தாண்டுகளாக நிறுவனங்களின் தரவுகளை ஒன்றிணைக்கும் வேலையில் இருப்பவன். அவன் சொன்னதில் பாதி சரி.

பாலண்டிர் 2003இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. சிஐஏ பணத்தில் இயங்கும் இன்-க்யூ-டெல் தொடக்க காலத்திலேயே அதில் முதலீடு செய்தது. உளவு, காவல் துறைகளுக்கு 'கோத்தம்', மற்ற நிறுவனங்களுக்கு 'ஃபவுண்ட்ரி', 2023இல் வந்த செயற்கை நுண்ணறிவுத் தளம் 'ஏஐபி'. இவைதான் அதன் சரக்கு.

பிரித்துப் பார்த்தால் பெரிய மாயம் எதுவும் இல்லை. பெருந்தரவைக் கையாளும் ஸ்பார்க் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள். ஏஐபிக்குள் பேசும் மொழி மாதிரிகளும் பெரும்பாலும் பிற நிறுவனங்களுடையவை. மிஞ்சுவது 'ஆன்டாலஜி' என்று அவர்கள் அழைக்கும் அடுக்கு. நூறு அட்டவணைகளில் சிதறிக் கிடக்கும் எண்களை 'படுக்கை', 'நோயாளி', 'அறுவை சிகிச்சை' என்று பொருள்களாகக் கட்டி, எது எதோடு தொடர்புடையது, யார் எதைப் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று வரையறுப்பது. உழைப்பு அதிகம். ஆனால் இரகசியம் அல்ல.

பிறகு ஏன் நகலெடுக்க முடிவதில்லை? சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையின் தரவில் 'நிலை' என்று ஒரு பத்தி. அதில் 1, 2, 9 என்று எண்கள். 1 உள்நோயாளி, 2 வீடு திரும்பியவர் என்று ஆவணம் சொன்னது. 9 பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் வார்டு எழுத்தர் அம்மாவிடம் கேட்டேன். "அதுவா தம்பி, டிஸ்சார்ஜ் எழுதியாச்சு, பில் கட்டல, ஆள் இன்னும் பெட்லதான் இருக்காங்க." அந்தப் படுக்கைகளை எல்லாம் காலி என்று எண்ணிக்கொண்டிருந்தது எங்கள் மென்பொருள்.

இறுதி அறிக்கையில் 'எங்கள் குழுவின் துறை அறிவு' என்று எழுதினோம். ஒப்பந்த ஊழியரான அந்த அம்மாவின் பெயர் எங்கும் இல்லை.

பாலண்டிர் இதையே பெரிய அளவில் செய்கிறது. தன் பொறியாளர்களை வாடிக்கையாளர் இடத்திலேயே மாதக்கணக்கில் உட்கார வைக்கிறது. அவர்கள் கேட்டுக் கேட்டுக் கட்டுவதுதான் நகலெடுக்க முடியாத பகுதி. பங்குச் சந்தை அதைப் பொறியாளர்களின் திறமை என்கிறது. 'திறமை' என்ற சொல்லைக் கேட்டால் நமக்குக் காது கொஞ்சம் கூர்மையாகும். இந்தத் திறமையில் பாதி எழுத்தரும் செவிலியரும் சொல்லிக் கொடுத்தது.

கட்டியது யார் கையில் இருக்கிறது என்பது, விட்டு விலகும்போதுதான் தெரியும். நியூயார்க் காவல்துறை பாலண்டிரை விட்டுத் தனக்கான அமைப்புக்கு மாற முடிவெடுத்தபோது, அதுவரை செய்த பகுப்பாய்வுகளைப் புதிய அமைப்பில் இயங்கும் வடிவில் தருவது குறித்துத் தகராறு எழுந்ததாக 2017இல் பஸ்ஃபீட் செய்தி வெளியிட்டது. காவல்துறைக்கு நல்ல மென்பொருள் வாய்க்கவில்லையே என்று நான் அழப்போவதில்லை. ஆனால் மூலத் தரவு உன்னுடையது, அதைப் புரிந்துகொண்ட விதம் என்னுடையது என்றால், வாடிக்கையாளர் எங்கே போவார்?

பிரிட்டனின் பொது மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸைப் பாருங்கள். 2020 மார்ச்சில், கொரோனா நெருக்கடியில், பாலண்டிர் உள்ளே வந்தது வெறும் 1 பவுண்டு ஒப்பந்தத்தில். அதே ஆண்டு டிசம்பரில் 2.3 கோடி பவுண்டு. 2023 நவம்பரில், பாலண்டிர் தலைமையிலான குழுவுக்கு ஏழாண்டுகளுக்கு 33 கோடி பவுண்டு வரையிலான ஒப்பந்தம். அந்த 1 பவுண்டை மலிவு என்று நினைத்தவர்கள் எங்கள் தொழிலை அறியாதவர்கள்.

ஆகவே 'நகலெடுப்பது எளிதா' என்பது முதலீட்டாளரின் கேள்வி. நம் கேள்வி வேறு: மக்கள் பணத்தில் இயங்கும் நிறுவனம் விலக நினைத்தால் விலக முடியுமா? வரையறைகள், தொடர்புகள், விதிகள் எல்லாம் திறந்த வடிவில் அதன் கையிலேயே இருக்க வேண்டும் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரந்தர ஊழியர்களும் வேண்டும். இரண்டாவதை யாரும் கேட்பதே இல்லை.

எளிதாக நகலெடுக்க முடிந்தால் எல்லாம் நலம் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2025இல் அமெரிக்கக் குடியேற்றத் துறை, நாடுகடத்தும் பணிக்காகச் சுமார் 3 கோடி டாலருக்கு இதே நிறுவனத்திடம் ஒரு தளம் கேட்டது. அதையும் யாரோ நகலெடுப்பார்கள். எவரை எந்தப் பெட்டியில் போடுவது, அதை முடிவு செய்வது யார் என்பது நமக்குப் புதிய கேள்வி அல்ல.

போன மாதம் அந்த மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. 'நிலை' பத்தியில் 7 என்று ஓர் எண் புதிதாக வருகிறதாம். என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. எழுத்தர் அம்மாவைக் கேளுங்கள் என்றேன். அவருடைய ஒப்பந்தம் முடிந்து ஓராண்டு ஆகிறது என்றார்கள்.