பழைய செடான் கார்: இன்ஜின் முக்கியமா, துரு முக்கியமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவிகிதத்தில் இருந்து 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. புது கார் விலை இறங்கியதால், பழைய கார் வாங்குபவர்களுக்கும் பேரம் பேச ஒரு பிடி கிடைத்தது. ஆனாலும் மூணு, நாலு லட்சம் பட்ஜெட்டில் குடும்பத்தோடு போக டிக்கி உள்ள கார் வேணும்னா, ஹோண்டா சிட்டி, டிசையர், எட்டியோஸ் என பழைய செடான்கள் பக்கம்தான் பலரும் போகிறார்கள்.

இங்கேதான் விவாதமே. 'இன்ஜின் நல்லா இருந்தா போதும்' என்பது ஒரு தரப்பு. 'பாடி போச்சுன்னா எல்லாம் போச்சு' என்பது இன்னொரு தரப்பு. எது சரி?

சென்னையில் ஏன் இது பெரிய கேள்வி?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். கடற்கரை ஓரம் வருஷக்கணக்கில் நிறுத்தப்பட்ட காருக்கு உப்புக்காற்றே போதும். கூடவே 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என இரண்டு பெரிய வெள்ளங்களை நகரம் பார்த்துவிட்டது. செடான்கள் தரையை ஒட்டி இருப்பதால், தேங்கும் தண்ணீர் சீக்கிரம் உள்ளே ஏறிவிடும்.

எல்லா துருவும் ஆபத்தா?

இல்லை. பெயின்ட் உரிந்த இடத்தில் மேலோட்டமாக இருக்கும் துருவை டிங்கரிங் செய்து சரிபண்ணலாம். ரன்னிங் போர்டு, சஸ்பென்ஷன் பொருத்தப்படும் இடம், அடித்தளம் ஆகியவற்றை அரித்திருந்தால் கதையே வேறு. விபத்தில் அடியைத் தாங்க வேண்டிய பாகங்கள் இவை. கிளட்ச், டைமிங் பெல்ட் போன்றவற்றைப் புதிதாக மாற்றிவிடலாம். அரித்துப்போன அடித்தளத்தை அப்படி எளிதில் மாற்ற முடியாது.

எங்கே பார்க்கணும்?

* டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் துருவோ சேறோ இருக்கிறதா பாருங்கள்.
* சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால், தண்ணீரில் நின்ற கார் என்று சந்தேகிக்கலாம்.
* சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள், கதவின் கீழ் விளிம்பு, வீல் ஆர்ச் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள்.
* சின்ன காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். இரும்பு பாடியில் ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கலாம்.
* அடியில் புத்தம்புது கறுப்பு கோட்டிங் இருந்தால், ஏன் என்று கேளுங்கள். துருவின் மேலேயே பூசினால், ஈரம் உள்ளே சிக்கி அரிப்பு தொடரும்.

ஆவணங்கள் என்ன சொல்லும்?

பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் பூஜ்யம் என்றிருந்தால், முந்தைய ஆண்டில் கிளைம் செய்தார்களா, எதற்காக என்று கேளுங்கள். ஆர்.சி.யில் பதிவுத் தேதியையும் பாருங்கள். சொந்த காருக்கு 15 ஆண்டுகள் முடிந்தால் தகுதிச் சோதனையில் தேறி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 12 வருஷ காரை வாங்கினால், மூணே வருஷத்தில் அந்தச் சோதனை உங்கள் தலையில்தான்.

அப்போ எது முக்கியம்?

இரண்டுமே முக்கியம்தான். ஆனால் வரிசை மாறணும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே மெக்கானிக்கை அழைத்துப்போய், காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், அடுத்த காரைத் தேடுவதே நல்லது.