எந்தக் கடிகாரத்தின் ஆறு மணி?

இலங்கையின் நோட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையம் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நம்பி ஓடுகிறது. முழு வலுவில் அது 50 மெகாவாட் தரும். 1996இல் மழை பொய்த்தது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீரிலிருந்தே வந்த காலம் அது, தீவெங்கும் மின்வெட்டு. பகல் வெளிச்சத்தை மிச்சம்பிடிக்க, அவ்வருடம் மே 25இல் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த நாடு ஆறரை மணி முந்தியது. ஒக்டோபர் 26இல் அது ஆறு மணியானது. 2006 ஏப்ரல் நடுவில்தான் பழைய ஐந்தரை திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ இடையில் வந்த இந்த மாற்றங்கள் எதையும் ஏற்கவில்லை. ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது.

அந்தப் பத்தாண்டில் பிறந்தவர்களுக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது. “1998, காலை 6.10” என்று வீட்டு டயரியில் இருக்கும். இன்றைய கணக்கில் அது 5.40. கணினியில் குறிப்புக் கணிப்பவர் ஐந்தரையையே போட்டால் அரைமணி பிசகும். ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதில் ஒன்பதில் ஒரு பங்கான நவாம்சம் 13 நிமிடத்துக்குச் சற்று மேல். அரைமணியில் இரண்டு நவாம்சம் தாண்டிவிடும். சாதகத்தை நம்பாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. அந்த ஆறு மணிக் காலத்தில் நள்ளிரவு 12.15க்கு நடந்த விபத்து, பழைய நேரப்படி முந்தைய நாள் இரவு 11.45. காப்புறுதி வழக்கில் தேதியே மாறிப்போகும்.

இதற்குத் தீர்வு புதிதல்ல. 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரம் ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு எழுதச் சொல்கிறது. நேரத்தின் வாலில் கிரீன்விச் வித்தியாசத்தையும் சேர்க்க இடம் தருகிறது. 1998-11-04, 06:10, +06:00 என்று எழுதிவிட்டால் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஒரே பொருள்தான். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பமும் தீரும். பிறப்பு ஆவணம் இல்லாததால் குடியுரிமைக்கே அலைந்த மலையகச் சமூகம் நம்முடையது; நம் ஏடுகளில் இன்னொரு ஐயம் எதற்கு? நேரம் மீண்டும் மாறாது என்று எவரும் உறுதி தரமுடியாது. மழை அடுத்த தடவையும் பொய்க்கலாம்.

தோட்ட வைத்தியசாலைகளும் பதிவாளர் அலுவலகங்களும் அந்த +05:30ஐ இன்றே எழுதத் தொடங்கவேண்டும். 1996 மே கடைசிக்கும் 2006 ஏப்ரல் நடுவுக்கும் இடையில் பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தால், குறிப்பைக் கொடுக்குமுன் அக்கால நேர மாற்றத்தைச் சாத்திரியாரிடம் சொல்லிவிடுங்கள்.