புதுச்சேரி ஆளுநரின் பாட்டி விட்டுச்சென்ற உயில்: அடிமை வைத்திருந்த குடும்பங்களைப் பழைய பத்திரங்களில் தேடுவது எப்படி?

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தை 1827-ல் தொடங்கி வைத்தவர் யூஜின் தெபசேன் தெ ரிஷ்மோன். 1826 முதல் 1828 வரை பிரெஞ்சிந்தியாவின் ஆளுநராக இருந்தவர். தாவரவியல் பூங்கா உருவானதும் அவர் வந்த 1826-ல்தான். இரண்டு வருஷம் இருந்து நல்ல பெயர் எடுத்துவிட்டுப் போன ஆளுநர் என்றுதான் ஊர் வரலாறு அவரைச் சொல்கிறது.

அவருடைய பாட்டியைப் பற்றி இங்கே பேச்சே கிடையாது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் நிலைமை தலைகீழ். அங்கே பேரனைத் தெரிந்தவர்கள் குறைவு. பாட்டியைத் தெரியாதவர்களைத்தான் தேட வேண்டும்.

யார் இந்தப் பாட்டி?

பெயர் ஓம்ப்லின் தெபசேன். 1755-ல் பிறந்தவர். ரீயூனியனுக்கு அப்போது பூர்போன் தீவு என்று பெயர். கணவர் 1800-ல் இறந்த பிறகு காப்பி, கரும்புத் தோட்டங்களை 45 வருஷத்துக்கும் மேல் தானே நிர்வாகம் பண்ணினார். அந்தத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் அடிமைகள், நூற்றுக்கணக்கில். 1846-ல், 90 வயதில் அவர் இறந்தார். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

தீவில் எரிமலை வெடித்தால், அந்த அம்மாவின் ஆவிதான் உள்ளே எரிகிறது என்று சொல்லும் நாட்டுப்புறக் கதை ஒன்று உண்டு. அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். சுண்ணாம்புக் காரை போட்ட தட்டையான மாடி, தூண் வைத்த தாழ்வாரம் எனப் புதுச்சேரி வெள்ளைக்காரத் தெரு வீட்டைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

குடும்பத்தின் கை எவ்வளவு நீளம் என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். மகன் பிலிப், பூர்போன் தீவின் நிர்வாகத்தில் உச்சப் பதவிக்குப் போனார். அவர் மகன்தான் நம்ம ஊர் ஆளுநர் யூஜின். மகள் மெலனியின் கணவர் ஜோசப் தெ விலேல் பிரான்ஸின் பிரதமரே ஆனார். யூஜின் 26 வயதில் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தபோது பிரதமர் நாற்காலியில் இருந்தவர் இந்த அத்தை கணவர்தான். அதே விலேல் ஆட்சியில்தான், 1825-ல், அடிமைகள் கிளர்ந்து விடுதலை பெற்ற ஹைட்டி நாட்டின் தலையில் 15 கோடி ஃபிராங்க் 'நஷ்டஈடு' சுமத்தப்பட்டது. பழைய முதலாளிகளுக்குக் கொடுப்பதற்காக!

உயிலில் அப்படி என்ன இருக்கும்?

இந்த உறவுமுறைகளை எல்லாம் உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் பத்திரங்கள். ஆங்கிலேயர் பகுதியில் ஒருவர் இறந்தால் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். மெட்ராஸில் 1726 அரச சாசனத்துக்குப் பிறகு மேயர் நீதிமன்றம் அதைச் செய்தது. பிரெஞ்சு முறையில் எல்லாம் நொத்தேர் கையில். புதுச்சேரியில் பழைய வீட்டுப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்காது. உயில், கல்யாண ஒப்பந்தம், கிரயம், பாகப்பிரிவினை எதுவானாலும் மூலம் அவரிடமே இருக்கும், கட்சிக்காரருக்கு நகல்தான்.

தேடுபவர்களுக்கு உயிலைவிடப் பெரிய புதையல், இறப்புக்குப் பின் எடுக்கும் சொத்துக் கணக்கு. நொத்தேர் சாட்சிகளோடு வீட்டுக்கு வருவார். அறை அறையாகப் போய் கட்டில், வெள்ளிப் பாத்திரம், மாடு, வண்டி என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் விலை போடுவார். தோட்டக் குடும்பம் என்றால் அதே பட்டியலில் மனிதர்களும் வருவார்கள். பெயர், வயசு, என்ன வேலை, எந்த இனம், என்ன விலை. பூர்போன் தீவுக்கான 1723-ஆம் வருஷச் சட்டப்படி அடிமை என்பவர் அசையும் சொத்து. அதனால் பங்கு பிரிக்கும்போது ஆட்களும் பங்காகப் பிரிந்தார்கள்.

எரிமலைக் கதையில் இருக்கிற கோபம் எதுவும் இந்தக் காகிதங்களில் இருக்காது. சாட்டை, விலங்கு பற்றி நொத்தேர் எழுத மாட்டார். கணக்கை மட்டும் எழுதுவார். படிக்கிறவர்களுக்கு உறைப்பது அந்தக் கணக்குதான்.

'இனம்' என்ற பத்தியில் அந்தத் தீவில் நாலு பெயர்கள் அடிக்கடி வரும்: தீவிலேயே பிறந்தால் கிரியோல், மடகாஸ்கர்காரர் என்றால் மல்காஷ், ஆப்பிரிக்கர் என்றால் காஃப்ர், இந்தியர் என்றால் மலபார். இந்த 'மலபார்' கேரளாவைக் குறிப்பதில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து, அதாவது நம்ம பக்கத்திலிருந்து போனவர்களுக்கும் அதே பெயர்தான்.

சொத்துக்காரக் குடும்பத்தைத் தேடுவதில் ஒரு சிக்கலும் உண்டு. அண்ணன் தம்பிகள் ஒரே குடும்பப் பெயரோடு ஆளுக்கொரு பட்டப்பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். 'தெ ரிஷ்மோன்' என்பது பிலிப்பின் கிளை மட்டும். இது தெரியாமல் தேடினால் சித்தப்பாவின் தோட்டம் அப்பாவின் கணக்கில் ஏறிவிடும்.

ஒரு காகிதம் வழக்கை ஜெயித்த கதை

பிரெஞ்சிந்தியாவின் ஒரு பகுதியான சந்தர்நாகூரில் பிறந்த பெண் மதலேன். சின்ன வயசிலேயே விற்கப்பட்டு, பிரான்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டாள். 1770-களில் அங்கிருந்து ரூத்தியே என்ற பெண்மணியோடு பூர்போனுக்கு. விடுதலை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவளை ரூத்தியேயிடம் ஒப்படைத்தார்கள். ரூத்தியே அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விடுதலைப் பத்திரம் எழுதியது 1789-ல். அதற்குள் 1786-ல் மகன் ஃபுர்சி பிறந்துவிட்டான். பத்திரத் தேதிக்கு முன்னால் பிறந்ததால் அவன் அடிமை. ரூத்தியே இறந்ததும் சொத்தோடு சொத்தாக அந்தக் குடும்பத்தின் ஜோசப் லோரிக்குப் போய்ச் சேர்ந்தான்.

தாயின் காகிதங்கள் ஃபுர்சியின் கைக்கு வந்தன. 1817-ல் நீதிமன்றம் போனார். வாதம் இரண்டு. என் தாய் இந்தியர், அடிமையாக்கப்பட்டிருக்கவே கூடாது. தவிர, பிரான்ஸ் மண்ணை மிதித்தவர் சுதந்திரமானவர். தலைமை அரசு வழக்கறிஞர் கில்பர் பூஷே ஃபுர்சி பக்கம் நின்றார். எதிர்த்து நின்ற அதிகாரி யார் தெரியுமா? யூஜினின் அப்பா, பிலிப் தெபசேன் தெ ரிஷ்மோன். ஃபுர்சி சிறைக்குப் போனார், பூஷே தீவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இந்தியர்கள் எல்லாம் இப்படிக் கேட்க ஆரம்பித்தால் தோட்டங்களின் கதி என்ன என்பதுதான் முதலாளிகளின் பயம்.

ஃபுர்சி விடவில்லை. 26 வருஷம் கழித்து, 1843 டிசம்பர் 23 அன்று பாரிஸ் நீதிமன்றம் அவர் பிறவியிலேயே சுதந்திரமானவர் என்று தீர்ப்புச் சொன்னது. வரலாற்றாசிரியர் சூ பீபடி 2017-ல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டு குடும்பங்களையும் நொத்தேர் பத்திரம், ஞானஸ்நானப் பதிவு, சொத்துக் கணக்கு வழியாகத்தான் பின்தொடர்கிறார்.

வழக்கு இழுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் யூஜின் புதுச்சேரிக்கு வந்தார். அவர் ஆட்சியில், 1828-ல், ஏனாமிலிருந்து பதினைந்து தெலுங்குத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாக பூர்போனுக்குக் கப்பலேறினார்கள். பிரெஞ்சிந்தியாவிலிருந்து போன முதல் ஒப்பந்தக் கூட்டம் அது. 1876-ல் பிரெஞ்சிந்தியாவுக்கு பாரிஸ் செனட்டில் இடம் கிடைத்தபோது அதில் உட்கார்ந்தவரும் ஒரு தெபசேன் தெ ரிஷ்மோன்தான்.

சரி, புதுச்சேரிக்குள்ளேயே தேடினால்?

இங்கேதான் பிரச்சினை. உலகத்தில் அடிமை வைத்திருந்த குடும்பங்களைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி நஷ்டஈட்டுப் பட்டியல். அடிமைகளை விடுவித்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்டும், பிரான்ஸ் 1849 சட்டப்படி 12.6 கோடி ஃபிராங்கும் முதலாளிகளுக்குத்தான் கொடுத்தன. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது. யார் எவ்வளவு வாங்கினார் என்பதை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2013-லும், பிரான்ஸின் சி.என்.ஆர்.எஸ். 2021-லும் இணையத்தில் போட்டுவிட்டன.

அதன் விளைவு ஒன்றில் நமக்கும் தொடர்பு உண்டு. 1859-60-ல் மெட்ராஸ் ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெல்யனின் குடும்பப் பெயர் அந்த லண்டன் பட்டியலில் இருந்தது. கரீபியன் தீவான கிரனடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள். 2023 பிப்ரவரியில் அந்தக் குடும்பத்தினர் கிரனடாவுக்கே போய்ப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள்.

இந்தியாவுக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் பகுதிகளையும் இலங்கையையும் 1833 பிரிட்டிஷ் சட்டம் வெளியே விட்டுவிட்டது. பிரான்ஸின் பட்டியலில் ரீயூனியன், மார்த்தினிக், செனகல் எல்லாம் உண்டு, புதுச்சேரி இல்லை. இங்கே அடிமை வியாபாரமே நடக்கவில்லை என்று அர்த்தமா? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே 1743-ல், ஆட்களை ஏமாற்றிப் பிடித்து, தலையை மழித்து, கறுப்புத் துணி கட்டி, காலில் விலங்கு போட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றிச் சொல்கிறது. வாங்கியவர்கள் வீட்டில் கணக்கு இருந்தது. பிடிபட்டவர்கள் வீட்டில் ஏது கணக்கு?

வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. நிலத்தோடு ஆளையும் சேர்த்து அடமானம் வைத்த ஆள் ஓலைகளும் அடிமை ஓலைகளும் தமிழ்நாட்டில் எழுதப்பட்டவைதான். அவற்றை எழுதி வாங்கிய குடும்பங்களின் வம்சாவளியை யாரும் இணையத்தில் போடவில்லை.

ஆக, புதுச்சேரிக்கு மிஞ்சுவது உயில்களும், நொத்தேர் பத்திரங்களும், கோயில் பதிவேடுகளும். 1776-ல் மன்னர் போட்ட ஓர் ஆணைதான் இவற்றைக் காப்பாற்றியது. காலனிகளில் எழுதும் பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாவற்றிலும் ஒரு பிரதி வெர்சாய்க்கு வர வேண்டும் என்றது அந்த ஆணை. இங்கே கரையான் தின்றாலும் அங்கே பிரதி இருக்கும். அவை இப்போது பிரான்ஸின் எய்க்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்தில் உள்ள காலனி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்தர்நாகூர் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை அதன் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 1676 முதலான புதுச்சேரிப் பதிவுகளின் சுருக்கத்தை, ஆளுநராக இருந்த அல்ஃப்ரெத் மார்த்தினோ 1917-ல் அச்சிலும் கொண்டுவந்தார்.

அந்தப் பழைய பதிவுகளில் அடிமைகளின் ஞானஸ்நானமும் வரும். முதலாளியின் பெயர் முழுசாக, பதவியோடு இருக்கும். ஞானஸ்நானம் பெற்றவருக்குப் புதிதாக வைத்த பிரெஞ்சுப் பெயர் ஒன்று மட்டும். அதற்கு முன்னால் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எழுதும் பத்தி அந்தப் பதிவேட்டில் இல்லை. ரீயூனியனில் அடிமையாக இருந்தவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடைத்ததே 1848-ல், விடுதலைக்காகத் திறந்த தனிப் பதிவேட்டில்தான். 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதிகாரிகள் பெயர் வைத்தார்கள். அடிமையாக இருந்த முன்னோர் வழியாகத் தமிழ்நாட்டு வேரைத் தேடும் ரீயூனியன் குடும்பங்கள் பின்னோக்கி வரும்போது வந்து நிற்கும் இடம் அந்தப் பதிவேடு. அதற்கும் பின்னால் போக வேண்டுமென்றால் முதலாளி குடும்பத்தின் உயிலைத்தான் திறக்க வேண்டும்.