பூட்டிய வீட்டின் கணக்கு

மருத்துவ மேற்படிப்பு படிக்கும் யாரையாவது தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், ‘நாலு பி கியூ பை டி ஸ்கொயர்’ என்று ஒப்பிப்பார்கள். ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லும் சூத்திரம் அது. மூன்று நாள் புள்ளியியல் பயிற்சியில் நானும் அதைத்தான் முதலில் படித்தேன். சாப்பாட்டுக்குப் பின் பி வேல்யூ, மறுநாள் சாப்ட்வேர், மூன்றாம் நாள் சான்றிதழும் குரூப் போட்டோவும்.

அந்தத் தெம்போடு சொந்த ஊரான திருவேங்கடத்துக்கு வந்தேன். முப்பது வயதைத் தாண்டியவர்களின் ரத்தக்கொதிப்பு பற்றி ஆய்வு. காலை பத்து மணிக்கு பி.பி. மெஷினோடு தெருவில் இறங்கினால் பாதி வீடு பூட்டு. பூட்டியிருந்தால் அடுத்த வீடு என்று விதி வைத்திருந்தோம். ஒரு வாரத்தில் ஆள் கணக்கு நிறைந்துவிட்டது. தாள்களைப் புரட்டினால் பாட்டிகள், தாத்தாக்கள், முடியாமல் லீவு போட்டவர்கள்.

அம்மா சிரித்தாள். “ஏட்டி, பத்து மணிக்குப் போனா எவ இருப்பா? வேன்தான் ஏழு மணிக்கே போயிட்டுல்லா.”

தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு வேலைக்கும் ஆள் ஏற்றிப் போகும் வேன். அந்தச் சத்தத்தில் கண்விழித்து வளர்ந்தவள் நான், எனக்கே மறந்துவிட்டது. சாப்ட்வேரைக் குறை சொல்ல முடியாது, கொடுத்ததைக் கூட்டித் தரும். பத்து மணிக்கே போய் இன்னும் ஆயிரம் பேரைச் சேர்த்திருந்தாலும் அதே தப்பு ஆயிரம் மடங்கு உறுதியாகியிருக்கும்.

வீடு தேடிப் போய்ச் செய்த ஆய்வும் உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வை எங்கள் பாடத்தில் ஒரு ஸ்லைடில் முடித்துவிடுகிறார்கள். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் காசநோய் மருத்துவமனையான சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் மருந்து கொடுத்தார்கள். வீட்டு வைத்தியமும் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தது என்று 1959-ல் வெளிவந்தது. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஸ்லைடில் வராதது ஒன்று. மாத்திரை சாப்பிட்டேன் என்று நோயாளி சொன்னதோடு ஆய்வாளர்கள் விடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். குலுக்கலும் கணக்கும் எவ்வளவு முக்கியமோ, அந்த நடையும் அவ்வளவு முக்கியம்.

இப்போது மேற்படிப்பு மாணவர்களுக்கு ஆய்வுமுறைப் பாடம் கட்டாயம். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழியில் நடத்துகிறது. திருவேங்கடத்தில் இருந்தபடியே படிக்கலாம், நல்ல விஷயம். நான் கேட்பது நேரடிப் பயிற்சிகளைப் பற்றி. ஏசி அறையில், யாரோ துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்த எக்ஸெல் தாளில், விடுபட்ட ஆள் ஒருவர்கூட இருப்பதில்லை. மூன்று நாளில் ஒரு நாளைத் தெருவுக்குக் கொடுங்கள். பூட்டிய வீடுகளை எண்ணவையுங்கள்; எங்கே போனார்கள், எப்போது வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கவையுங்கள். கணக்குப் போடும் புள்ளியியலாளரும் கூட வரட்டும்.

பிறகு, விடுபட்ட வீடுகளுக்குச் சாயங்காலங்களில் போனேன். வேனிலிருந்து இறங்கி வந்த ஓர் அக்கா, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து கையை நீட்டினார். பி.பி. பார்ப்பதற்கு முன் அஞ்சு நிமிஷம் பேசாமல் சும்மா உட்காரணும் என்றேன்.

“சும்மாவா? நானா?” என்று சிரித்துக்கொண்டே உலையை எட்டிப் பார்த்தார்.