பேரு இல்லாத பட்டியலை வச்சு எந்த ஊழலைப் பிடிக்கிறது?

தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தை வெட்டுறதுக்கு ஒன்றிய அரசு தனியா ஒரு மசோதாகூட கொண்டு வரல. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட கடைசியில 44(3)-னு செருகிட்டாங்க. 2023 ஆகஸ்ட் 7, மக்களவையில மணிப்பூருக்காக எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக்கிட்டிருக்க, குரல் வாக்கெடுப்பில் கதை முடிஞ்சது. 2025 நவம்பரில் அமலுக்கும் வந்தாச்சு.

முன்னாடி, பொதுப்பணிக்குச் சம்பந்தமில்லாத, அந்தரங்கத்துல தேவையில்லாம தலையிடுற தகவலைத்தான் மறுக்க முடியும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாதுன்னு ஒரு வரியும் இருந்துச்சு. ரெண்டையும் தூக்கிட்டாங்க. இப்போ 'தனிப்பட்ட தகவல்'னு சொன்னாலே போதும்!

வெள்ளிமலையில ஒரு பழங்குடிப் பெண் தொகுப்பு வீட்டுப் பட்டியல் கேட்கிறாங்கன்னு வைங்க. வீடு யாருக்கு ஒதுக்கினாங்க, பணம் யார் கணக்குல ஏறுச்சு? எல்லாமே தனிப்பட்ட தகவல்தானாம். மேல்முறையீடுன்னு கள்ளக்குறிச்சிக்கு மலை இறங்கினா அன்னைக்குக் கூலி போச்சு.

'பொதுநலன் பெரிசுன்னா கொடுக்கலாம்னு 8(2) இருக்கே'ன்னு ஒன்றிய அரசு சமாளிக்குது. இருக்குதான். முதல்ல அதை எடை போடுறது யாரு? கோப்பைப் பூட்டி வச்சிருக்கிற அதே ஆபீஸ்!

1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் போட்ட தமிழ்நாட்டுக்கே இந்தப் பூட்டா?

44(3)-ஐ ரத்து செய்!